கேக் தேக்சாவில் வைத்த கார் விளக்கு

எங்கள் வீட்டில் ஒருமுறை கார் விளக்கை அடுப்பில் ஏற்றினோம் என்று சொன்னபோது கல்லூரியில் யாரும் நம்பவில்லை. ஏற்றினோம். அப்போது எனக்குப் பத்து வயது.

அப்பா பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்களைக் கடை கடையாகக் கூட்டிப்போய், மாலையில் கோயில்களையும் காட்டி அனுப்புவதுதான் அவர் பிழைப்பு. அந்தக் காரின் முன்விளக்குகள் இரண்டும் மஞ்சள் பூத்து, உள்ளே ஈரம் கோத்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தன. முந்தின வாரம் ஓரிக்கையிலிருந்து இருட்டிய பிறகு திரும்பியபோது அப்பா வண்டியைச் சாலையோர மணலில் இறக்கிவிட்டார். யாருக்கும் அடி இல்லை. ஆனால் வண்டியில் இருந்த குடும்பம் அங்கேயே இறங்கி, ஓர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டது. "லைட்டா இது? அகல்விளக்கு கூட இதவிட நல்லா எரியும்பா" என்று அப்பா வீட்டுக்கு வந்தும் புலம்பினார். அந்த மாடலுக்குப் புது விளக்கு எங்கும் கிடைக்கவில்லை.

அம்மாவின் தங்கை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் விளக்கு செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்த சித்தி, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்தார்.

"நான் பிரிச்சி க்ளீன் பண்ணித் தரேன் மாமா."

"இதுக்கு முன்னாடி பிரிச்சிருக்கிறியாமா?"

"இல்ல. ஒட்டறதுதான் எங்க வேலை. அதையே தலைகீழா செஞ்சா பிரிஞ்சிடாதா?"

இந்த நியாயம் அப்பாவுக்கு உடனே பிடித்துவிட்டது. எனக்கு அதைவிடப் பிடித்தது. அம்மா மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

அப்பா பம்பரைக் கழற்றினார். கழற்றிய திருகாணிகளைத் தட்டில் வைத்துக் காக்கும் வேலை எனக்கு வந்தது. விளக்கு வெளியே வந்ததும் சித்தி பல்பை எடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். முன்னால் இருக்கும் மூடியும் பின்னால் இருக்கும் கறுப்புப் பெட்டியும் பசையால் ஒட்டப்பட்டவை. சூடு காட்டினால் பசை இளகும். கம்பெனியில் அதற்குப் பெரிய ‘ஓவன்’ அடுப்பு உண்டு. நம் வீட்டில்? சித்தியின் பார்வை பரண்மேல் போனது. அங்கே கிறிஸ்துமஸுக்குக் கேக் சுடுகிற பெரிய பாத்திரமான தேக்சா கவிழ்த்து வைத்திருந்தது.

"அது மேல கை வெக்காத" என்றார் அம்மா. "அப்புறம் அதுல கேக்கு சுட்டா யார் துண்ணுவாங்க?"

"நான் துண்ணுவேன்" என்று நான் கத்தினேன். தேக்சா இறங்கியது.

அடியில் மணல் பரப்பி, மேலே சின்ன இரும்பு முக்காலி வைத்து, விளக்கை அதன்மேல் படுக்கவைத்து மூடினோம். சின்னத் தீ. நான் அடுப்படியை விட்டு நகரவே இல்லை. கேக் வாசனைக்குப் பதில் ரப்பர் வாசனை வந்தது. சித்தி பழைய துணியால் பிடித்து விளக்கைத் தூக்கினார். அப்பா ஒருபக்கம் பிடித்துக்கொள்ள, சித்தி ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினார். பசை ஜவ்வுமிட்டாய் போல இழை இழையாக நீண்டது. திடீரென்று 'டப்' என்று ஒரு சத்தம்.

எல்லோரும் அப்படியே நின்றோம். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

"போச்சா?" என்றார் அம்மா.

"மூடியோட லாக்குதான்க்கா விட்டுக்கிச்சி. பயந்தே பூட்டேன்" என்று சித்தி சிரித்தார். மூடி கையோடு வந்துவிட்டது.

உள்ளே ஓர் உலகமே இருந்தது! ஈசல் இறகுகள், காய்ந்த கொசுக்கள், மூலையில் மண்ணால் கட்டிய ஒரு குளவிக்கூடு. நான் கைவிட்டு எடுக்கப் போக, சித்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அந்த வெள்ளிப் பூச்சு இருக்குதே, அதத் தொட்டுடாத பாப்பா. அது உரிஞ்சிதுன்னா லைட்டே இல்ல." அதைச் சித்தியே ஊதி, பூப்போலத் துடைத்தார்.

மூடியை என்னிடம் கொடுத்தார்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாளை நனைத்து வெளிப்பக்கம் தேய்த்தேன். மஞ்சள் நீர் பால்போல வழிந்தது. ஆனால் மூடி முன்பைவிட மங்கிப்போனது. கெடுத்துவிட்டேன் என்று அழுகை வந்துவிட்டது. சித்தி பாலிஷைத் தடவி என் கையைப் பிடித்து வட்டம் வட்டமாகத் தேய்க்க வைத்தார். மெல்ல மெல்ல அதன் வழியே என் விரல் தெரிந்தது, பிறகு ரேகைகூடத் தெரிந்தது. அடுத்த விளக்குக்கு நானே எல்லோரையும் அதட்டி அதட்டி வேலை வாங்கினேன்.

பசையை மறுபடி சூடாக்கி, மூடிகளை அழுத்தி ஒட்டி, காரில் பொருத்தி முடிக்கும்போது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அப்பா சுவிட்சைப் போட்டார். எதிர்ச் சுவர் பளீரென்று வெளுத்தது. நான் குதித்த குதியில் தட்டு உருண்டது. தெருவே வந்து பார்த்தது.

பாலாற்றுப் பாலம் வரை ஒரு சுற்று போனோம். வெளிச்சம் சாலையில் ஊற்றியது போல் ஓடியது. சாலையோரப் புல்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அப்பா மட்டும் ஸ்டியரிங்கை மார்போடு அணைத்தபடி, ஊர்ந்து போனார்.

"இன்னாங்க, அந்த போர்டுல இன்னா எழுதியிருக்குது?" என்று அம்மா கேட்டார்.

அப்பா கண்ணைச் சுருக்கி முன்னால் குனிந்தார். "எந்த போர்டு?" என்றார்.

நானும் சித்தியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவ்வளவு பெரிய போர்டு அது. அம்மா சிரிக்கவில்லை. அதன்பிறகு வீடு வரும்வரை, "லெஃப்ட்ல வாங்க, ஆள் நடந்துக்கினு போறாரு... எதிர்ல சைக்கிள் வருது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிரமாதமான விளையாட்டாகத் தோன்ற, நானும் பின்சீட்டில் எழுந்து நின்று சேர்ந்துகொண்டேன். "அப்பா, நாய்! அப்பா, பள்ளம்!" நான் கத்தக் கத்த, அப்பா ஒவ்வொன்றுக்கும் "சரிமா, சரிமா" என்றார்.

அப்பாவின் விழித்திரையில் கோளாறு இருந்தது, இருட்டினால் பார்வை மங்கியது என்பதையெல்லாம் பல வருஷம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்கள். அந்தச் சவாரிக்கு அடுத்த மாதமே அம்மா டிரைவிங் வகுப்பில் சேர்ந்தார். கொஞ்ச நாளில் மாலைச் சவாரிகளுக்கு அவரே போக, அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடி, வந்தவர்களுக்குக் கோயில் கதை சொன்னார். எங்கள் கார் விளக்கு அவ்வளவு பளபளப்பாகிவிட்டதால் அம்மாவுக்கே ஓட்ட ஆசை வந்துவிட்டது என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.