ஈசானிய மூலையில் ஒரு படகு

எங்கள் வீட்டில் கார் கிடையாது, படகு உண்டு. பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்பக்கம் உள்ள நகர் ஒன்றில் மனை வாங்கினோம். விற்றவர், "ஏரிக் காத்து ஜில்லுனு வரும் சார்" என்றார். காற்று வந்தது, வாஸ்தவம்தான். சில வருடம் கழித்து ஏரியும் வந்தது.

அந்தப் பெரிய மழையின்போது என் கணவருக்கு டயாலிசிஸ் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாரத்தில் மூன்று நாள் தாம்பரம் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். தெருவில் இடுப்பளவு தண்ணீர். போன் செய்த இடத்திலெல்லாம் "போட்டு வந்துகினே கீது மேடம்" என்றார்கள். எந்தப் படகும் வரவில்லை. இரண்டு தடவை டயாலிசிஸ் தவறிப்போனது. அவருக்கு முகம் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியதால் மாடிப்படியிலேயே உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். கடைசியில் எதிர்வீட்டுத் தம்பியும் அவனுடைய நண்பர்களும் பிளாஸ்டிக் டிரம்களின் மேல் கதவுப் பலகை ஒன்றைக் கட்டி, அதில் அவரைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோடு வரை போனார்கள். நான் பின்னாலேயே தண்ணீரில் நடந்தேன். பலகை ஆடிய ஒவ்வொரு தடவையும் அதன் ஓரத்தை எட்டிப் பிடித்தேன்.

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன்பின் வானம் கறுத்தாலே அவருக்குப் பேச்சு நின்றுவிடும். ஆகட்டும், படகு வாங்கியே தீர்வது என்று நான் முடிவு செய்தேன். கோவளம் பக்கம் ஒருவரிடம் சின்ன ஃபைபர் படகு ஒன்று இருந்தது. இரண்டு துடுப்போடு அதை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியபோது தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. "டீச்சரக்கா, மீன் கடை எப்ப திறக்கறீங்க?" என்று எதிர்வீட்டுத் தம்பி கேட்டான். "முதல் மீன் உனக்குத்தான், துட்டு எடுத்து வை" என்றேன்.

படகை வெயிலில் போட்டால் வெடித்துப்போகும், ஷெட் வேண்டும் என்றார் கணவர். அவர் வேலையில் இருந்த காலமெல்லாம் கட்டட வரைபடம் போட்டவர். ஓய்வு பெற்றபின் முதல் முறையாக மேஜையில் பெரிய தாளை விரித்துப் பென்சில் சீவினார். சுவரே கிடையாது. குழி தோண்டி நட்ட ஆறு இரும்பு பைப், மேலே ஷீட், கீழே சிமெண்ட் தரை, தரையில் பழைய டயர்கள், டயர் மேல் படகு. நீளமான கயிற்றால் ஒரு பைப்பில் தளர்வாகக் கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பைப் உயரத்தைப் பார்த்து வெல்டிங்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னா சார், போட்டுக்கா இம்மாம் ஒசரம்?"

"தண்ணி ஏறினா படகு தானா எழுந்திருக்கணும்பா. நாம யாரும் தூக்கக் கூடாது. எழுந்திருக்கும்போது தலை இடிக்கக் கூடாது இல்ல?"

ஷெட்டை எங்கே போடுவது என்பதில்தான் தகராறு வந்தது. வாசல் பக்கம், கேட்டுக்கு நேராக என்று அவர் வரைந்திருந்தார். அது வீட்டின் வடகிழக்கு மூலை. என் நாத்தனார், அவருடைய ஒரே அக்கா, அடுத்த தெருவில் தரைத்தளத்தில் தனியாக இருக்கிறாள். தாளைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "ஈசானியத்துல பாரம் ஏத்துவாங்களாம்மா? வீட்டு ஆம்பளைக்கு ஆகாது. ஏற்கெனவே கிட்னி போய்க் கிடக்கறான். பாரமெல்லாம் தென்மேற்குல வை" என்றாள்.

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவள் நான். இதெல்லாம் சும்மா என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டில் ஒருவர் வாரம் மூன்று முறை மெஷினில் படுத்துவிட்டு வரும்போது அந்தத் தைரியம் வருவதில்லை. எதற்கு வம்பு, பின்பக்கமே இருக்கட்டும் என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தாளைத் திருப்பி மறுபடி வரைந்தார்.

வீட்டுக்குப் பின்னால் காலி மனை. யாருடையது என்று தெரியாது. எங்கள் பக்கத்தில் காலி மனை என்றால் ஊருக்கே பொது என்றுதான் அர்த்தம். ஒருவர் வாழை வைப்பார், ஒருவர் ஆட்டோ நிறுத்துவார், ஒருவர் கட்டடக் கழிவைக் கொட்டுவார். நாங்கள் பின்சுவரை இடித்து அதற்குள் ஒரு கேட்டே வைத்துவிட்டோம். தண்ணீர் வந்தால் படகு அந்த வழியாகப் போவதாக ஏற்பாடு. அடுத்தவர் இடத்தை நம்பி அத்தனை பைப்பையும் நட்டோம் என்பது படித்த எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை.

இரண்டு மழைக்காலம் தண்ணீர் வரவில்லை. மூன்றாவது வருடம் மனைக்குச் சொந்தக்காரர் வந்தார். நல்ல மனிதர்தான். பூமி பூஜைக்குச் சர்க்கரைப் பொங்கல்கூடக் கொடுத்தனுப்பினார். அடுத்த வாரம் எங்கள் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஹாலோ பிளாக் சுவர் எழும்பியது. நான் போய்ச் சண்டை போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் பெட்ரூம் வழியா படகு விடணும்னா எப்படி மேடம்?" என்றார். ஆத்திரத்தோடு திரும்பி வந்தேன். பக்கவாட்டுச் சந்து மூன்றடிகூடக் கிடையாது. ஏழெட்டு பேர் சேர்ந்து ஒருக்களித்துத் தூக்கினால் படகு வெளியே வரும். வெள்ளத்தில் ஏழெட்டு பேருக்கு எங்கே போவது?

"வாசலுக்கே மாத்திடலாம். நான் முதல்ல வரைஞ்ச இடம் அதுதான்" என்றார் அவர்.

"அண்ணி என்ன சொல்வாங்க?"

"அக்கா சொல்றதைச் சொல்லட்டும். எனக்கு மூலை முக்கியமில்லம்மா. இன்னொரு தடவை அந்தப் படியில உக்காந்து மூச்சு வாங்க என்னால முடியாது."

எதிர்வீட்டுத் தம்பியும் அவன் நண்பர்களும் படகை ஒருக்களித்துச் சந்து வழியாக வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். பைப்புகளை அடியோடு அறுத்து, வாசலில் புதிதாகக் குழி தோண்டி நட்டோம். நாத்தனார் வந்து பார்த்தாள், தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

டயாலிசிஸ் முடிந்து வந்தால் அவருக்கு முதுகு சாய வேண்டும். அதனால் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் கால்களை அறுத்துவிட்டு, படகின் நடுப்பலகையில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். வாசலுக்கு வந்த பிறகு சாயங்காலமானால் அதில் ஏறி உட்கார்ந்துவிடுவார். பேப்பர் படிப்பார், போகிறவர் வருகிறவரிடம் பேசுவார். "கப்பல் எப்ப சார் கிளம்புது?" என்று கேட்டால், "பாசஞ்சர் வரணும்பா" என்பார். வானம் கறுத்தாலும் அங்கேதான் இருந்தார். எனக்கும் உள்ளே நிம்மதியாக இருந்தது.

ஆறு வாரம்கூட ஆகவில்லை. புரட்டாசியில் ஒரு நாள், டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய இதயம் நின்றுவிட்டது. அன்று சுள்ளென்று வெயில். ரோடு காய்ந்து கிடந்தது. ஆட்டோவில்தான் அழைத்துக்கொண்டு போயிருந்தேன், இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருந்தோம்.

ஐஸ் பெட்டியைப் படகுக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டியிருந்தது. அத்தனை பேர் நடுவில் நாத்தனார் சொன்னாள்: "ஈசானியத்துல ஏத்தாதேன்னு தலைதலையா அடிச்சிக்கிட்டேனே. கேட்டாளா?"

அந்த நிமிடம் அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். அதைவிட மோசம், காரியமெல்லாம் முடிந்து தனியாக உட்கார்ந்தபோது அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இதயம் ஏன் நின்றது என்று டாக்டர் சொன்னது புரிந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் தாறுமாறானால் இதயம் நின்றுவிடும் என்று நானே பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். இருந்தும் காலையில் கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற அந்தப் படகை என்னால் பார்க்க முடியவில்லை. பின்பக்கமே விட்டிருக்கலாமோ, விட்டிருந்தால் இருந்திருப்பாரோ என்று மனசு அரித்தது. கோவளத்துக்காரருக்குப் போன் போட்டு, எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றேன். மழை முடியட்டும்மா, தையில் வருகிறேன் என்றார்.

கார்த்திகையில் ஏரி நிரம்பியது. ஒரு நாள் காலை பத்து மணிக்குத் தெருவுக்குள் வந்த தண்ணீர், மத்தியானத்துக்குள் வாசற்படியில் ஏறிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டயர் முழுகியது. படகு லேசாக ஆடியது, அப்புறம் எழுந்தது. யாரும் தொடவில்லை. அவர் சொன்னபடியே தானாக எழுந்து, எங்கும் இடிக்காமல், கயிற்றின் நீளத்துக்கு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அவர் பார்க்கவில்லையே என்று வாய்விட்டு அழுதேன்.

எதிர்வீட்டுத் தம்பி நீந்தாத குறையாக வந்தான். "அக்கா, படகு எடுத்துக்கட்டா? உங்க நாத்தனார் வீட்டுல கட்டில் வரைக்கும் தண்ணி. முட்டி வலியோட மேலயே உக்காந்துகினு கீறாங்க. கூப்பிட்டா வரமாட்றாங்க."

நான் போகாவிட்டால் அவள் வரமாட்டாள். பிடிவாதம் அந்தக் குடும்பத்துச் சொத்து. நானும் ஏறினேன். அவள் வீட்டு வாசலில் படகை நிறுத்தியதும் என்னைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள்.

"இதுலயா?"

"இதுலதான். ஏறுங்க அண்ணி."

இரண்டு பேர் தூக்கி அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தம்பி துடுப்புப் போட்டான். படகு அடுத்த தெரு திரும்பியது. அவள் நாற்காலியின் கையைத் தடவினாள்.

"இது அவனுக்கா?"

"ஆமா."

"ஒரு தடவையாவது உக்காந்தானா?"

"தினம் சாயந்திரம் உக்காருவார் அண்ணி. வாசல்ல, தரையிலதான். அங்க இருக்கும்போது மழையைப் பாத்துக்கூட அவருக்குப் பயம் வரல."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எங்கள் மாடியில்தான் அன்றும் மறுநாளும் இருந்தாள். படகு தெருத்தெருவாகப் போய் வந்துகொண்டிருந்தது. வேறு வீட்டு மாடியிலிருந்து யாராவது கைகாட்டினால், "அந்தப் பக்கமும் போயிட்டு வாப்பா" என்று அவள்தான் தம்பிக்குக் குரல் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. படகை நாலைந்து பேர் தோளில் சுமந்துகொண்டு கேட்டில் வந்து நின்றார்கள். நான் விற்கப்போவது தெருவுக்கே தெரியும். "அக்கா, எங்க வைக்கறது? லாரி ஏத்த வசதியா வெளியவே வுட்டுடலாமா?" என்று தம்பி கேட்டான். நான் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

நாத்தனார் ஷெட்டுக்குள் இருந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமுமாகத் தரையிலிருந்த சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"செத்த இருங்கப்பா, தரை இன்னும் சேறா இருக்கு. கழுவிடறேன், அப்புறம் வைங்க" என்றாள்.

நான் இன்னொரு வாளி எடுத்துக்கொண்டு வந்தேன். கோவளத்துக்காரருக்கு அன்று சாயங்காலமே போன் செய்து, தையில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.