பொருளாளர் ரெண்டு தடவையோட இறங்கணும்

சிட்டிசன்ஷிப் வாங்கி நான் போட்ட முதல் ஓட்டே எனக்கு வேட்டு வைத்தது.

எண்பதுகளில் நாங்கள் அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் இருந்தோம். ஊரில் வாங்கின என் பி.காம். பட்டத்தை இங்கே ஒருத்தரும் சீண்டவில்லை. தமிழ்ச் சங்கத்தில் மட்டும் ரெண்டு தடவை ஜெயித்து நாலு வருஷமாக நான் பொருளாளர். இன்னாருடைய மிஸஸ் என்று என்னை யாரும் சொல்லாத ஒரே இடம் அது. அந்தப் பதவி எனக்கு உயிர்.

பக்கத்துத் தெருவில் ஒரு மதுரைக்காரி. கூடப் பிறக்காத அக்கா என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நவம்பரில் அவளுக்கும் முதல் ஓட்டு. ஓட்டுச் சீட்டில் ஒரு மெஷர், ஜனங்களே யெஸ், நோ போட்டு முடிவு செய்கிற சட்டம்: மாநில ட்ரெஷரர் இரண்டு டெர்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று.

"இந்த வக்கீல் இங்கிலீஷ் மண்டையில ஏறலடி. தமிழ்ல சொல்லேன்" என்றாள்.

ட்ரெஷரர் என்றால் எனக்குத் தெரிந்த ஒரே தமிழ் பொருளாளர்தான். "பணத்தைப் பார்க்கிறவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் ஒரே நாற்காலியில ரொம்ப நாள் உட்காரக் கூடாது. பொருளாளர் ரெண்டு தடவையோட இறங்கணும். அவ்வளவுதான்க்கா விஷயம்" என்றேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "பலே" என்றார். மூன்று பேரும் யெஸ் போட்டோம். மெஷர் தோற்றது. "போகட்டும் விடு" என்று அக்காதான் போனில் என்னைத் தேற்றினாள்.

பொங்கல் விழா முடிந்து ஸ்கூல் கஃபடீரியாவில் சங்கப் பொதுக்குழு. அக்கா எழுந்தாள். நம் சங்கத்துக்கும் ஒரு விதி வேணும் என்றாள். "பணத்தைப் பார்க்கிறவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும்" என்று ஆரம்பித்து, ரெண்டு தடவையோட இறங்கணும் என்பது வரைக்கும் ஒப்பித்தாள். ஒரு வார்த்தை மாற்றவில்லை, பாவி. என் வாயிலிருந்து பிடுங்கி என் கழுத்திலேயே கத்தியாக வைத்தாள். அடுத்த பொருளாளராக யாரோ அவளையே சொல்ல, "எல்லாரும் சொன்னா சரி" என்று குழைந்தாள்.

ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். முதலில் உயர்ந்த கையில் கல்யாண நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த வாட்ச் இருந்தது.

கார் ஃப்ரீவே ஏறியது. "உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துது?" என்று கேட்டேன்.

"நீ சொன்னதுதானேம்மா" என்றார். "அன்னிக்கே எனக்கு சரின்னு பட்டுது."