யாரும் சாப்பிடாத ஹோட்டல்

என் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழுகையெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். அவனைத் திட்டாமல் அவன் கதையைச் சொல்ல எனக்குத் தெரியாது, அதனால் திட்டிக்கொண்டேதான் சொல்லப் போகிறேன்.

ஹோட்டல் சமையல்கட்டில் அடுப்புக்கு மேலே புகையை இழுத்து வெளியே தள்ளுகிற பெரிய தகரக் குழாய் இருக்குமே, அதற்குள் ஊர்ந்து போய்ச் சுத்தம் பண்ணுவதுதான் அவன் வேலை. எண்ணெய்ப் புகை உள்ளே படிந்து படிந்து மெழுகு மாதிரி இறுகிப்போய்விடும். விட்டால் ஒருநாள் தீப்பிடித்து மொத்தக் கட்டிடமும் போய்விடும். காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன் இவனும் இன்னும் இரண்டு பேரும் போவார்கள். அடுப்பையெல்லாம் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிட்டு, மூடியைக் கழற்றி, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இவன் உள்ளே நுழைவான். சுரண்டி, கழுவி, துடைத்து, கடைசியில் இறங்கி வந்து தேதி எழுதிய சீட்டு ஒன்றை ஒட்டுவான். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. ஆள் ஒல்லி, அதனால் எந்தக் குழாயிலும் போய்விடுவான்.

இருபத்திரண்டு வருஷம் ஒருவன் ஹோட்டல்களை மேலேயிருந்தே பார்த்தால் என்ன ஆகும்? வெளியே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். எங்கே போனாலும் வீட்டு டப்பா, வீட்டு பாட்டில். யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் முதலில் சமையல்கட்டை எட்டிப் பார்ப்பான். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பேர் வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பார்த்த பெண் வீட்டில் காப்பி டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான், அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது. அதற்கப்புறம் நாங்களும் பெண் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

எங்கள் அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் துணி மடித்தவள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் கோட்டு. அப்பா சீக்கிரமே போய்விட்டதால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கினாள். ஒருநாள்கூட ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கேட்டால், "எனக்கென்ன அங்க வேலை" என்பாள். ஆனால் பஸ்ஸில் போகும்போது ஹோட்டல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். நான் கவனித்திருக்கிறேன். தம்பியும் கவனித்திருக்கிறான். "அம்மா ரிடையர் ஆகற அன்னிக்குப் பெரிய ஹோட்டல்ல சாப்பாடு, என் செலவு" என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் ரிடையர் ஆன வாரத்தில்தான் தொண்டைக்குக் கீழே என்னவோ அடைக்கிறது என்று சொன்னாள். முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், அவள் மடித்த விரிப்பு போட்ட படுக்கையிலேயே படுக்க வைத்துக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் கட்டி. அம்மாவின் இதயத்துக்கு ஆபரேஷன் தாங்காது என்றார் டாக்டர்.

"மூணு மாசம் வாயால சாப்பிடலாம். கொஞ்சம் கொஞ்சமா அடைச்சுக்கிட்டே வரும். அப்புறம் மூக்கு வழியா குழாய்தான்," என்றார். "பிடிச்சதையெல்லாம் இப்பவே குடுத்துடுங்க."

எவ்வளவு தெளிவாகச் சொன்னார் பாருங்கள். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். வெளியே வந்ததும் அம்மாதான் முதலில் பேசினாள்.

"ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னியே, எப்ப?"

"இந்த ஞாயித்துக்கிழமையே போவோம்மா," என்றான் தம்பி.

அந்த வாரக் கடைசி வந்தது. சிக்னல் பக்கத்தில் இருக்கிற ஹோட்டல் என்று முடிவு செய்திருந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் தம்பி போன் பண்ணினான்.

"அக்கா, அங்க வேணாம். கத்தி துடைக்கிற துணியும் தரை துடைக்கிற துணியும் ஒண்ணுதான். என் கண்ணால பாத்தேன்."

"எப்ப பாத்த?"

"போன வருஷம்."

"போன வருஷத் துணியையா இன்னும் வச்சிருப்பாங்க?"

"துணி மாறும்கா. பழக்கம் மாறாது."

சரி, அம்மாவின் உடம்பு, ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அப்போதெல்லாம் அம்மா எல்லாம் சாப்பிடுவாள். ரொட்டி, இறைச்சி, வறுத்த மீன், எதையும் மெதுவாக மென்று முழுங்கிவிடுவாள்.

அடுத்தது கண்ணாடிக் கதவு போட்ட ஹோட்டல். அங்கே எட்டு நாள் எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறார்களாம். அதற்கடுத்தது ஏழாவது மாடியில் இருக்கிற பெரிய ஹோட்டல். அங்கே கூரைக்குக் கீழே அடித்திருக்கிற அட்டைக்கு மேலே எலிப் புழுக்கை. இன்னொன்றில் சமையல்காரர் மூக்கைத் துடைத்த கையோடு மாவு பிசைந்தாராம். ஒவ்வொன்றையும் அவன் சொல்லச் சொல்ல எனக்கே சாப்பாடு இறங்கவில்லை.

"நீ அம்மாவ சாப்பாட்டு மேஜைக்குக் கூட்டிட்டுப் போறியா, இல்ல புகைக்குழாய்க்குள்ள கூட்டிட்டுப் போறியா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "ஊர்ல இத்தன பேரு சாப்பிடறாங்களே, எல்லாரும் செத்தா போயிட்டாங்க?"

"ஊர்ல இருக்கறவங்க மேஜையில உக்காந்து பாக்கறாங்க. நான் மேலேயிருந்து பாக்கறேன். எங்கம்மா ஜென்மத்துல ஒரு தடவ ஹோட்டல்ல சாப்பிடப் போறா. அது அழுக்குச் சோறா இருக்கணுமா?"

அவன் சொன்னது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை, சரி என்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் நாள் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது மாதத்தில் ரொட்டி நின்றது. பிறகு இறைச்சி நின்றது. சோற்றைக் குழைய வடித்து மசித்துக் கொடுத்தேன். ஒரு கவளம் இறங்க அம்மா கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பாள், இறங்கியதும் என்னைப் பார்த்துத் தலையாட்டுவாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே அம்மாவை டாக்சியில் ஏற்றிக்கொண்டு போனேன். தெருக்கோடியில் புதிதாக வந்திருந்த சாப்பாட்டுக் கடை. வாசல்வரை வந்தாள். கதவைக்கூட நான் திறந்து பிடித்துக்கொண்டேன். உள்ளே வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

"அவன் பாத்துப் பாத்து இடம் தேடறான். அவனுக்குத் தெரியாம வந்து சாப்பிட்டா மனசு ஒடிஞ்சிடுவான். வேணாம்டி."

"உன் தொண்ட அவனுக்காகக் காத்திருக்குமாம்மா?"

"இருக்கும், இருக்கும். வா."

அங்கேயே அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருக்க வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று உலகமே சொல்லும். வரவேண்டிய இடத்தில் வரவில்லை. வந்த டாக்சியிலேயே திரும்பி வந்தோம்.

மூன்றாவது மாதம் ஆரம்பித்தபோது ஒருநாள் தம்பி முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தான். அவனை அப்படிப் பார்த்து வருஷங்கள் ஆகியிருக்கும்.

"கிடைச்சிடுச்சுக்கா. ஆத்தோரமா புதுசா கட்டியிருக்காங்க. குழாய் சரியா மாட்டியிருக்கான்னு பாக்கக் கூப்பிட்டாங்க. உள்ள பூந்து கடைசி வரைக்கும் போய் வந்தேன். குனிஞ்சு பாத்தா முகம் தெரியற மாதிரி தகரம். பாத்திரத்துல ஒட்டின பிளாஸ்டிக்கூட இன்னும் பிரிக்கல. ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது."

"சரி, நாளைக்குப் போலாமா?"

"இன்னும் தொறக்கல. மூணு வாரம் ஆகும். மொத நாளு, மொத மேஜை நம்மளதுதான், மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஊரில் இருக்கிற அத்தனை ஹோட்டலையும் கழித்துக் கட்டிவிட்டு, யாரும் சாப்பிடாத ஹோட்டல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறான். சாப்பிட்டால்தானே அழுக்காகும்? கரடியாய்க் கத்தினேன். அம்மாதான் என் வாயை அடைத்தாள். "மூணு வாரந்தானே, இருந்துட்டுப் போகட்டும். எனக்கும் அத பாக்கணும்னு ஆசையா இருக்கு," என்றாள். உண்மையாகவே ஆசைதான். என்ன உடுத்திக்கொள்வது என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். அப்போது அவளுக்குக் கஞ்சியும் சூப்பும்தான் இறங்கிக்கொண்டிருந்தன.

மூன்று வாரம் ஐந்து வாரமாயிற்று. தீயணைப்புத் துறை அனுமதி வரவில்லை என்றார்கள், அப்புறம் மேஜை நாற்காலி வரவில்லை என்றார்கள். தம்பி தினமும் வேலை முடிந்து அந்தப் பக்கமாகப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருவான். ஒரு சனிக்கிழமை திறக்கப் போவதாகச் செய்தி வந்தது. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை அம்மா ஒரு வாய்ப் பால் குடித்தாள், அது அப்படியே திரும்பி வந்தது. தண்ணீர் கொடுத்தேன், அதுவும் வந்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாயை விட்டுக் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். இனி வாய் வழியாக ஒரு துளியும் கூடாது, எல்லாவற்றையும் நன்றாக வடிகட்டி, ஆற வைத்துக் குழாயில் ஊற்ற வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்தாள். தம்பி சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை போக வேண்டாம் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்திருந்தோம். அம்மா மத்தியானமே தலை சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேஜை நமக்குன்னு சொல்லி வச்சிருக்கல்ல? கெளம்புங்க," என்றாள். தொண்டை கட்டினவள் மாதிரி குரல். என் சால்வையை எடுத்து மூக்குவரை சுற்றிக்கொண்டாள்.

ஹோட்டல் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. புது மரத்தின் வாசனை. ஜன்னலுக்கு வெளியே ஆறு. பரிமாறுகிறவர் மூன்று மெனு அட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு வரி விடாமல் படித்தாள். சலவைக்கூடத்தில் துணிப் பட்டியல் சரிபார்த்துப் பழகியவள் அல்லவா, அப்படித்தான் படிப்பாள். எனக்கு மீன் கொண்டுவரும்படி அவளே சொன்னாள். தம்பிக்குக் கோழியும் சோறும். "எனக்குக் காய்கறி சூப்பு," என்றாள்.

பரிமாறுகிறவர் சால்வையைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார்.

சூப் வந்ததும் தம்பி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனான். அங்கே நின்று இரண்டு தடவை வடிகட்டி ஒரு டம்ளரில் கொண்டுவந்தான். தட்டை வைத்து விசிறி ஆற வைத்தான். வீட்டிலிருந்து கொண்டுவந்த, ஊசி இல்லாத பெரிய ஊசிக்குழலை, அதுவும் வெந்நீரில் போட்டு எடுத்து வெள்ளைத் துணியில் சுற்றியது, வெளியே எடுத்தான். அம்மா சால்வையை இறக்கினாள். பக்கத்து மேஜையில் இருந்த குடும்பம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டது. அவர்களைத் தப்புச் சொல்லமாட்டேன், சாப்பிட வந்தவர்கள்.

தம்பி குழலை மூக்குக் குழாயின் முனையில் மாட்டி, உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். மஞ்சளாகக் குழாய்க்குள் இறங்கிப் போனது. பாதி டம்ளர் போனதும் அவன் வாயிலிருந்து பழக்கத்தில் வந்துவிட்டது.

"எப்படிம்மா இருக்கு?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே தெரிந்தது. நான் தட்டைப் பார்த்தேன்.

"தெரியலடா," என்றாள் அம்மா. "நீ குடிச்சுப் பாத்துச் சொல்லு."

வெளியே ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காதவன், மிச்சமிருந்த சூப்பை ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டான். வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தான். முழுங்கினான். அம்மா அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி மாதிரி இருக்கும்மா," என்றான். "ருசியே இல்ல."

"கோழி?"

ஒரு துண்டு பிய்த்துத் தின்றான். "அதுவும் அப்படித்தான்."

அதற்கப்புறம் அவனால் குழலைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. நான் வாங்கி, தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி மூடினேன். மேஜையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு அழுதான். நாற்பது வயது ஆண்பிள்ளை, புது ஹோட்டலில், அத்தனை பேருக்கு நடுவில். அம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"மொத வாரமே உன்ன கூட்டிட்டுப் போயிருக்கணும்மா. எங்கயாவது கூட்டிட்டுப் போயிருக்கணும்," என்றான்.

எங்கள் அம்மா எதற்கும் பரவாயில்லை என்று சொல்கிறவள். கண்ணாடி உடைந்தால் பரவாயில்லை, சம்பளம் வராவிட்டால் பரவாயில்லை, அப்பா போன அன்றைக்குக்கூட வந்தவர்களிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதும் சொல்லிவிடுவாள், இவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவான் என்று நான் காத்திருந்தேன்.

"ஆமாண்டா," என்றாள் அம்மா, என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டு. "கூட்டிட்டுப் போயிருக்கணும்."

அவள் கை அவன் முதுகிலேயே இருந்தது. பரிமாறுகிறவர் வந்து தட்டுகளை எடுக்கலாமா என்று கேட்டார். எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.