மூலையில் நின்ற மிதப்புக்கட்டைகள்

எனக்கு எழுபத்தொரு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் தங்கை விட்டுப்போன பிள்ளைகள். அதற்காக யாருக்கு முன்னாலும் தலை குனிந்து நின்றதில்லை. செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று கையெழுத்து வைக்கச் சொன்னபோதும் குனியவில்லை.

கடற்கரையில் இருக்கிற நண்டுக் கம்பனியில் தரை கழுவினேன். நண்டு அவித்த தண்ணீரெல்லாம் பின்பக்கத்துச் சதுரத் தொட்டிக்குப் போகும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருந்து தண்ணீரில் உள்ள அமோனியாவைத் தின்று தீர்க்கும் என்று தொட்டிக்குப் பொறுப்பான இஞ்சினியர் தம்பி ஒருநாள் சொன்னார். அவற்றுக்குக் காற்று வேண்டும். அடியில் குழாய் குமிழி விடும், மோட்டாரில் சுற்றுகிற விசிறி ஒன்று தண்ணீரைக் கலக்கும்.

அந்த விசிறி பழுதாகி, சின்னதாக வேறொன்று பூட்டினார்கள். சில கிழமைகளில் தண்ணீர் கெட்டது. தொட்டித் தண்ணீரைக் கொண்டுபோகிற குழாய் கடலில் விழுகிற இடத்தில் வலை போடுகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். மனேச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, தரை கழுவுற குளோரினைத் தொட்டிக்குள்ள ஊத்திப்போட்டியள். கிருமியெல்லாம் செத்துப்போச்சு. இந்தக் கடிதத்தில ஒரு கையெழுத்து வைச்சிட்டு வீட்டை போய் ஆறுதலா இருங்கோ."

"நான் ஊத்தேல்லை. தரை கழுவின குளோரின் தண்ணி வேற கான் வழியா வெளியில ஓடுது. நான் அதைப் பிளான் படத்தில பாக்கேல்லை, ஒவ்வொரு நாளும் தும்புத்தடியால தள்ளிப் பாத்தனான்."

"அப்ப ஆர் கொன்றது?"

"செத்ததோ எண்டு முதல் பாருங்கோ."

நான் தொட்டியைக் கடந்து போகிறபோதெல்லாம் ஒன்றைக் கண்டிருந்தேன். மோட்டார்ப் பக்கம் தண்ணீர் புரளும்; எதிர்மூலையில் பாலாடைபோல ஏடு கட்டி நிற்கும். அடுத்த நாள் காலையில் என் வீட்டுக்காரருடைய பழைய வலையில் இருந்த மிதப்புக்கட்டைகளைக் கழற்றிக்கொண்டு போனேன். நறுவிலிக்குளத்தில் இருந்து வான் வண்டியில் வேலைக்கு வருகிற பெண்களும் நண்டு உடைப்பதை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"அக்கா தொட்டிக்குள்ள மீன் பிடிக்கப் போறா," என்றாள் ஒருத்தி.

"வாயை மூடிக்கொண்டு பாரடி."

கட்டைகளை எறிந்தேன். கொஞ்சம் சுற்றிச் சுற்றி வந்தன. எதிர்மூலைக்குப் போனவை அப்படியே நின்றுவிட்டன.

"அது மேல்தண்ணி அம்மா," என்றார் இஞ்சினியர். "அடியில எப்பிடியெண்டு இதால தெரியாது."

நியாயமான பேச்சுதான். நீளக் கம்பு ஒன்றை எடுத்து மூலையில் குத்தினேன். முழங்கால் ஆழத்துக்குச் சேறு. கம்பு கறுப்பாக வந்தது, கூழ்முட்டை நாற்றம். அவர் மோட்டார்ப் பக்கத்தில் ஒரு போத்தலும் மூலையில் ஒரு போத்தலும் தண்ணீர் எடுத்து மருந்துத் துளி விட்டார். அமோனியா கூடக்கூடப் பச்சை கடுமையாகுமாம். மோட்டார்ப் பக்கத்துப் போத்தல் இளம் பச்சை. மூலைப் போத்தல் கரும்பச்சை.

"குளோரின் எண்டால் ரெண்டு பக்கமும் செத்திருக்கும்," என்று அவரே மனேச்சருக்குச் சொன்னார். "இந்தப் பக்கம் உயிரோட இருக்கு. அந்தப் பக்கம் காற்றுப் போகேல்லை."

மனேச்சர் உடனே விசிறியை முழு வேகத்தில் விடச் சொன்னார். அடுத்த நாள் தண்ணீர் கஞ்சிபோலக் கலங்கிப்போனது. கிருமிகள் திரளாகச் சேர்ந்திருந்தால்தான் பிறகு அடியில் படிந்து தண்ணீர் தெளியுமாம். விசிறியின் வேகத்தில் அந்தத் திரள் உடைந்துவிட்டது. மனேச்சர் என்னைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கிறியள்? வேகமா ஓடவிடச் சொன்னனானோ? மூலையைக் கலக்கச் சொன்னனான்."

பிறகுதான் வேகத்தைக் குறைத்து, விசிறியின் முகத்தை மூலைப் பக்கம் திருப்பி, பழைய விசிறியையும் திருத்தி எதிரே பூட்டினார்கள். இந்தக் கிருமிகள் மெதுவாகத்தான் பெருகும் என்று இஞ்சினியர் பொறுக்கச் சொன்னார். பொறுத்தோம். நாற்றம் அடங்கியது. வலைக்காரர் வாசலுக்கு வரவில்லை.

"அந்தக் குளோரின் கதையை இனி விடுங்கோ அம்மா," என்றார் மனேச்சர்.

"விடேலாது. உங்கட மேசை லாச்சியில இருக்கிற அந்தக் கடிதத்தை எடுத்து, நான் ஊத்தேல்லை எண்டு அதிலயே எழுதுங்கோ."

"கம்பனியில அப்பிடி வழக்கம் இல்லை."

இன்றைக்கும் சந்தையில் என்னைக் 'குளோரின் ஊத்தின மனிசி' என்று காட்டுகிறவர்கள் உண்டு. கம்பனி எழுதாததை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

பிள்ளை, இனி முதலில இருந்து வாசி, கேப்பம். எங்கையாவது நான் கெஞ்சின மாதிரி எழுதியிருந்தாயெண்டால், அதை வெட்டு.