அறுந்துபோகாத பட்டை

நாங்கள் புனே பக்கம் பிம்ப்ரியில் குடும்பமாகக் கற்றாழை நாரில் தோள்பைகள் தைத்து விற்கிறோம். பிளாஸ்டிக் துளியும் கிடையாது. பழசானதும் மண்ணில் போட்டால் மக்கிவிடும். போன மாதம் அதில் ஒன்றை மார்புக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு நாத்தனார் ரஹ்மத்துடன் கேம்ப் பகுதிக் கடைத்தெருவில் நடந்தேன். பைக்கில் வந்த இருவரில் பின்னால் இருந்தவன் பையைப் பிடித்து இழுத்தான். பட்டை அறவில்லை, நான்தான் விழுந்தேன். தார்ச்சாலையில் முகம் உரச, பைக் என்னை இழுத்துக்கொண்டு ஓடியது.

“சோட், சோட்!” என்று பையை விடச் சொல்லி இந்தியில் கத்திக்கொண்டே அவன் என் தலையில் உதைத்தான்.

“பைய விட்டுருங்க மதினி!” என்று ரஹ்மத் அலறினாள்.

எப்படி விடுவது? பட்டை கழுத்தை இறுக்கி மூச்சு முட்டியது. குறுக்கே ஆட்டோ வந்து பைக் வேகம் குறைந்தபோது, ரஹ்மத் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வண்டி சரிந்தது. அவள் வாயில் ஓங்கிக் குத்திவிட்டு இருவரும் ஓடிப்போனார்கள். அவளுக்கு முன்பல் உடைந்தது. எனக்குத் தோள் எலும்பு விலகியது, கன்னத்தில் தையல் போட்டார்கள்.

இப்போது பட்டையை இரண்டாக வெட்டி, தேங்காய்ச் சிரட்டைப் பொத்தானால் இணைக்கிறோம். வெடுக்கென்று இழுத்தால் கழன்றுவிடும்.

“ஏனுங்க, இழுத்தாப் பொத்தான் கழலுதுங்களே?” என்று ஒரு கோயம்புத்தூர்க்காரம்மா குறைப்பட்டார்.

“கழலணும்னுதான்க்கா வச்சிருக்கோம்” என்று ரஹ்மத் தன் உடைந்த பல்லைக் காட்டினாள்.

- மு. நசீமா, புனே