கப்பி மீனுக்காக நான் கொண்டுவந்த சாட்சி

"சார், இந்தத் தண்ணிய எப்போ மாத்தினீங்கோ?"

போன செவ்வாய்க்கிழமை காலை. கேட்டவர் சுகாதாரப் பணியாளர் ரோஸி அம்மா. தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று வீடு வீடாக வந்து டார்ச் அடித்துப் பார்ப்பவர். டார்ச் வெளிச்சம் அப்போது என் மீன் தொட்டிக்குள் இருந்தது.

"மாத்தி ஒரு வருஷம் ஆச்சும்மா" என்றேன். பெருமையாக வேறு!

இந்தத் தொட்டியைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்பவன் நான். அடியில் மண், மேலே மணல், அடர்த்தியாகச் செடிகள், பத்துப் பதினைந்து கப்பி மீன்கள். மோட்டார் கிடையாது, ஃபில்டர் கிடையாது. மீனின் கழிவு செடிக்கு உரம்; தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொள்வது செடியின் பொறுப்பு. வற்றிய அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். சோம்பேறிகளுக்கென்றே கடவுள் படைத்த பொழுதுபோக்கு.

"ஒரு வர்சமா? இன்னா சார் நீங்க, டெங்குவ ஊட்லயே வளத்துகினு கீறீங்களே! கொட்டிட்டு தொட்டியக் கவுத்து வையுங்கோ."

"கொட்டிடுங்கம்மா. நானும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்" — இது என் மனைவி சுதா. சமயம் பார்த்துக் காலை வாருவதில் கில்லாடி.

ஒரு வருஷமாக வளர்த்த செடிகள்! குட்டி போட்டுக் குட்டி போட்டுப் பெருகிய மீன்கள்! கொட்டுவதாவது?

"இந்த மீன் கொசுப்புழுவைத் தின்னுடும்மா. இங்க கடிக்கிற கொசு எல்லாம் ஏரியிலேர்ந்து வர்றது" என்றேன்.

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் அயனம்பாக்கத்தில் எல்லோரும் சொல்வது இதுதான். கொசு கடித்தால் ஏரி, பாம்பு வந்தால் ஏரி, துணி காயாவிட்டாலும் ஏரி. பாவம், அது திருப்பிப் பேசாது.

ரோஸி அம்மா மசியவில்லை. "கப்பி துன்னும், எனக்கும் தெரியும். கெணத்துல நாங்களே வுடுறோம். ஆனா உங்க மீனு செடிக்குள்ள பூந்து தூங்கிகினு கீதே... நாலு புழு இருந்தா போட்டுப் பாத்துடலாம்."

புழுதானே? அட, இதென்ன பிரமாதம்!

அதற்கு முந்தின வாரம் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோது, அங்கே தண்ணீர் வடியும் டிரேயில் என்னவோ நெளிந்தது. அதைக் கழுவுவது என் டிபார்ட்மென்ட். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

சுதா கண்ணைக் காட்டினாள். வேண்டாமென்று தலையை ஆட்டினாள். ஜெயிக்கப் போகிறவனுக்கு அதெல்லாம் தெரியுமா? ஓடிப்போய் ஒரு கரண்டி அள்ளி வந்து தொட்டியில் ஊற்றினேன்.

அடேயப்பா... என்ன பாய்ச்சல்! கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் பிடிப்பதுபோல் முட்டி மோதிக்கொண்டு வந்தன. அரை நிமிஷத்தில் ஒரு புழு மிச்சமில்லை. நான் கையே தட்டிவிட்டேன்.

"சூப்பர் சார்! தொட்டி இருந்துட்டுப் போவட்டும்" என்றார் ரோஸி அம்மா. டார்ச்சை அணைத்துவிட்டு நோட்டீஸ் புத்தகத்தைப் பிரித்தார். "ஆமா... அந்தப் புழுவ எங்கேர்ந்து எடுத்தாந்தீங்கோ?"

சுதா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

ஐந்து நிமிஷம் கழித்து நான் ஃப்ரிட்ஜ் டிரேயைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நோட்டீஸ் என் பெயரில் தயாராகிக்கொண்டிருந்தது. "மீன் மேல ஒரு தப்பும் இல்ல சார்" என்று ஆறுதல் வேறு.

மீன் தொட்டிக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். ஆனால் அதைத் தினமும் பத்துத் தடவையாவது எட்டிப் பார்க்கிறேன்! டிரேயை எத்தனை தடவை பார்த்தேன்? பேனா விழுந்ததால் ஒரு தடவை.

சாயங்காலம் பால்கனியில் நின்று ஏரியைப் பார்த்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. அதனிடம் ஒரு ஸாரி சொல்லிவிட்டேன் — சுதா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.