ஆத்தும சோதனைச் சட்டம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நான் ஒரு படைக்குத் தளபதியாக இருந்தேன். புளியங்கொட்டைகள் காலாட்படை, சோகி என்கிற கடற்சோழிகள் குதிரைப்படை, அம்மாவின் தையல் மெசினில் நூல் தீர்ந்துபோன கட்டைகள் பீரங்கிகள். போர்க்களம் எங்கள் தலைமன்னார் வீட்டின் சாப்பாட்டு மேசை. ஞாயிறு பூசை கண்டு, சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டு, மேசையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் சின்ன மாமா ஒரு பழைய படுக்கைவிரிப்பைக் கொண்டுவந்து விரித்துவிடுவார். விரிப்புக்கு அடியில் காலில் போடுகிற சப்பாத்தை வைத்தால் அது மலை. மேலே முகம் பார்க்கும் கண்ணாடியைக் கிடத்தினால் அது குளம்.

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. கல்யாணமாகாமல் எங்கள் வீட்டிலேயே இருந்தார். இறங்குதுறையில் கிளாக்கர் வேலை. இராமேஸ்வரக் கப்பலுக்குக் காத்திருந்த நீளத் தலைமயிர் வெள்ளைக்காரன் ஒருவன் தான் உட்கார்ந்திருந்த வாங்கில் ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகத்தை விட்டுப் போய்விட்டான். பொம்மைச் சிப்பாய்களை மேசையில் நிறுத்திப் போர் விளையாடுவதற்கான சட்டங்கள் அதில் இருந்தன. வெளிநாட்டுச் சாமான் ஒன்றுமே நாட்டுக்குள் வராத காலம் அது. அந்தப் புத்தகம் மாமாவுக்குப் புதையல். ஒரு மாதம் இருந்து அதைத் தமிழில் கொப்பியில் எழுதி முடித்தார். தன்னுடைய ஆங்கிலத்தில் மாமாவுக்கு இருந்த நம்பிக்கை வேறு ஒருவருக்கும் இருக்கவில்லை. ஆனால் அவரை விட்டால் வீட்டில் ஆளும் இல்லை.

கொப்பியில் இருபத்தோராவது சட்டம்தான் விசேசம். ஒரு படையில் பாதிப்பேர் செத்துப்போனால், மிச்சப்பேர் நிற்பார்களா ஓடுவார்களா என்று பார்க்க ஆங்கிலப் புத்தகத்தில் ‘மொறேல்’ சோதனை என்று ஒன்று இருந்தது. மொறேல் என்றால் படையின் மனத்தைரியம். மாமா அதை ‘மொறல்’ என்று வாசித்துவிட்டார். மொறல் என்றால் நல்லொழுக்கம். ஒழுக்கத்தைச் சோதிக்க வேதக்காரரான எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்: சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகமுன் முழங்காலில் நின்று செய்கிற ஆத்தும சோதனை. மாமா அப்படியே எழுதிவிட்டார். பாதிப் படையை இழந்த தளபதி, தான் செய்த குற்றம் ஒன்றை மேசையில் வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொன்னால் லூடோக் கட்டையில் விழுகிற எண்ணோடு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். நாலுக்குக் குறையாமல் வந்தால் படை நிற்கும், குறைந்தால் ஓடும். அதற்குக் கீழே மாமா தன் சொந்தச் சரக்காகவும் ஒரு வரி சேர்த்திருந்தார். மேசையில் சொன்னது மேசையோடு. வெளியே கொண்டுபோகிறவரின் பீரங்கி பறிக்கப்படும்.

நான் பெரிய வகுப்புக்கு வந்தபிறகுதான் இந்தப் பிழையைக் கண்டுபிடித்து, மாமாவிடம் கொப்பியும் கையுமாகப் போய் நின்றேன்.

“ஓமடி பிள்ளை, அது எனக்கு அடுத்த வருசமே தெரியும்,” என்றார். “ஆனா மாத்த மனம் வரேல்லை.”

மாமா மத்தியஸ்தர். பதினாலு வயது அண்ணன் ஒரு பக்கம், நான் மறுபக்கம். என் கூட்டாளியும் வருவாள். முன்வீட்டு முஸ்லிம் கடைக்கார நானாவின் மகள் அவள், என் வயதுதான், எனக்கு உதவிப் படை.

சட்டங்களைப் பற்றி எங்களுக்கு ஒரே அபிப்பிராயம் இரண்டு மாதத்துக்கு மேல் நிலைத்ததில்லை. தொடக்கத்தில் கொப்பி எங்களுக்கு வேதபுத்தகம். மாமாவின் எழுத்துப் பிழையைக்கூடத் திருத்த விடமாட்டோம். சோளகக் காற்று தொடங்கி, யன்னலால் வந்த காற்றில் என் புளியங்கொட்டைகள் உருண்டு அண்ணனின் பீரங்கிக்கு முன்னால் போய் விழுந்த அன்று, கொப்பி முட்டாள்தனமான கொப்பி ஆகிவிட்டது. அம்மாவின் தையல் நாடாவால் அளந்து பன்னிரண்டு அங்குலம் சுடும் பீரங்கி அநியாயம் என்று கத்தி, அதை எட்டாகக் குறைப்பித்தவள் நான். மூன்று பீரங்கி என் கைக்கு வந்ததும் பன்னிரண்டுதான் இயற்கை நீதி என்று அழுது பழையபடி மாற்றுவித்தவளும் நான்தான். “அளாப்பி, அளாப்பி!” என்று அண்ணன் சிரிப்பான். விளையாட்டில் கள்ளம் செய்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஏனென்றால் அது உண்மை.

இருபத்தோராம் சட்டம் முதலில் எனக்குத் தேன். அண்ணனின் படை பாதியாகிற நேரம் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். இறங்குதுறைக்குப் பின்னால் ஒரு பீடியை இரண்டு இழுவை இழுத்ததாக அவன் ஒருநாள் சொன்னான். பின்னேரத் தேத்தண்ணி ஆறுவதற்குள் அது அம்மாவின் காதில் இருந்தது. அண்ணனுக்கு அகப்பைக் காம்பால் அடி. எனக்குப் பீரங்கி பறிமுதல். இன்னொரு முறை பூசைக்கு வைத்திருந்த வைனை அவன் நாக்கில் தொட்டுப் பார்த்த கதை. அதையும் நான் மனதோடு வைத்திருக்கவில்லை, அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாமா என் காதைப் பிடித்தார்.

“இனி ஒரு சொல்லு வெளியில போச்செண்டா உன்ரை படையைக் கடலிலை கொட்டிப்போடுவன், விளங்குதோ?”

விளங்கியது. கடலில் கொட்டுவார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிறகு என் கூட்டாளியின் படை பாதியானது. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“எங்கட மார்க்கத்தில மனிசருக்குச் சொல்லுறதில்லை மாமா. அல்லாஹ்விட்ட நேராத்தான் சொல்லுவம்.”

மாமா அதைப் பகிடியாக எடுக்கவில்லை. ஒரு கிழமை யோசித்து, அடுத்த ஞாயிறு திருத்தம் எழுதினார்: விரும்பியவர் கண்ணை மூடிப் பத்து எண்ணும்வரை மனதுக்குள் சொல்லலாம், கூட்டல் அதே ஒன்றுதான். எழுதி மை காயவில்லை, நாங்கள் எல்லோருமே கண்ணை மூடத் தொடங்கிவிட்டோம். என்ன சுகம்! நான் பத்து எண்ணுகிற நேரத்தில் அடுத்த நகர்வைத்தான் யோசிப்பேன். வாய்விட்டுச் சொல்வதுதான் உலகத்திலேயே நல்ல சட்டம் என்று சாதித்த நான், அது காட்டுமிராண்டிச் சட்டம் என்று இப்போது சொல்லித் திரிந்தேன்.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. அண்ணனுக்கு ஐந்து வயதில் நெருப்புக்காய்ச்சல் வந்து பிழைக்கமாட்டான் என்று கைவிட்டபோது, அம்மா மடு மாதாவிடம் நேர்த்தி வைத்திருந்தார். பிள்ளை பிழைத்தால் அவனைச் சாமியாராகக் கொடுப்பதாக. அண்ணன் பிழைத்தான். இப்போது யாழ்ப்பாணத்துக் குருமடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அம்மா பக்கத்து அறையில் மெசினில் இருந்து அவனுக்கு வெள்ளைச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் சண்டை பிடிக்கிற நேரமெல்லாம் அந்த மெசின் ஓடும். அம்மாவை நான் அவ்வளவு சந்தோசமாக அதற்கு முன் கண்டதில்லை.

அவன் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு கடைசிப் போர். அண்ணன் நல்ல தளபதி; மலைக்குப் பின்னால் பதுங்கி நின்று ஆளைக் கொல்லுவான். அன்றைக்கு என்ன பிடித்ததோ, தன் குதிரைப்படை முழுவதையும் மலைக்குப் பின்னாலிருந்து கிளப்பி, வெட்டவெளியில் என் மூன்று பீரங்கிக்கும் நேர்முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். விசர் பிடித்துவிட்டதா இவனுக்கு என்று நினைத்துக்கொண்டே நான் சுட்டுத் தள்ளினேன். இரண்டாவது சுற்றில் பாதிச் சோகி மேசைக்கு வெளியே.

“சரி, கண்ணை மூடிப் பத்து எண்ணு,” என்றார் மாமா.

“இல்லை மாமா. பழைய சட்டப்படி வாயாலை சொல்லப் போறன்.”

“உது செல்லாது!” என்று நான் குதித்தேன்.

“புதுசு எழுதினாப்போல பழசு அழிஞ்சதெண்டில்லை. அவன் சொல்லட்டும்,” என்றார் மாமா.

அண்ணன் மாமாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

“எனக்குக் குருமடத்துக்குப் போக விருப்பமில்லை. அம்மாவிட்டைச் சொல்லப் பயமாக் கிடக்கு.”

என் கூட்டாளி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா ஒரு சோகியை எடுத்து, புரட்டிப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். பக்கத்து அறையில் மெசின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கோ வெற்றி கைக்கெட்டிய தூரத்தில்.

“உது பாவமில்லை,” என்றேன். “விருப்பமில்லாமல் இருக்கிறது கடவுள் தந்த பத்துக் கற்பனையிலை எங்கை இருக்கு? செய்ததைத்தான் சொல்லவேணும். இவன் ஒண்டும் செய்யேல்லையே. ஒண்டு கூட்டேலாது.”

மாமா கொப்பியைத் திறந்து இருபத்தோராம் சட்டத்தை விரல் வைத்து வாசித்தார். பிறகு, “சட்டப்படி அவள் சொல்லுறது சரிதான்,” என்றார், கொப்பியைப் பார்த்துக்கொண்டு.

அண்ணன் கட்டையை உருட்டினான். மூன்று விழுந்தது. ஒன்று கூட்டியிருந்தால் படை நின்றிருக்கும். நான் மேசையைச் சுற்றிச் சுற்றி ஓடினேன்.

மாமாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர் அக்காவுக்குப் பயந்தவர். அக்காவுக்கும் மடு மாதாவுக்கும் நடுவில் போய் நிற்க நான் ஆரடி என்று பிற்காலத்தில் ஒருமுறை கேட்டார். கேட்டபோது அவருக்குக் கண் கலங்கியது. என் கூட்டாளி பிற வீட்டுப் பிள்ளை. மிச்சம் இருந்தது நான். அந்தக் கிழமை முழுவதும் என் நாக்கு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அம்மா அண்ணனைப் பற்றி நேராகவே என்னிடம் கேட்டார்.

“கொண்ணன் ஏன்டி சரியாச் சாப்பிடுறானில்லை?”

“எனக்குத் தெரியாது,” என்றேன். சொல்லிவிட்டு, எவ்வளவு பெரிய ஆளாகிவிட்டேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அண்ணன் இப்போதும் சாமியார்தான். போன இடமெல்லாம் சனம் அவனை விட்டுப் பிரிய அழுதிருக்கிறது. மோசமான காலங்களில் தன் சனத்தை விட்டு ஓடாமல் கூட நின்றவன். அம்மாவின் நெற்றியில் கடைசியாக எண்ணெய் பூசியதும் அவன்தான். அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடினார். அவன் வாழ்வு வீணாய்ப் போனது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த வீட்டில் ஒரு சொல்லைத் தாங்கிவைத்திருக்கத் தெரியாத ஒரே ஆள் நான் என்பது அவனுக்குத் தெரியும். அதை நம்பித்தான் அவன் தன் குதிரைகளைச் சாகக் கொடுத்தான். என் மண்டைக்கு இது உறைக்க இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. உறைத்த அன்று நான் சமைத்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்து அழுதேன்.

புறப்படுகிற நாள் ஸ்டேசனில் அம்மா அவன் கழுத்தில் புதுச் செபமாலையைப் போட்டு, கன்னம் இரண்டையும் கொஞ்சினார். மாமா றங்குப்பெட்டியை ரயிலில் ஏற்றப் போனார். அண்ணன் என்னைத் தண்ணிப் பைப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

“அம்மாட்டைச் சொன்னியோ?” என்று மெதுவாகக் கேட்டான்.

“எதை?”

“அண்டைக்கு மேசையில சொன்னதை.”

நான் நெஞ்சில் கை வைத்தேன். “மாதாவாணை ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“ஒண்டுமே சொல்லேல்லையோ?”

“ஒரு சொல்லும் சொல்லேல்லை அண்ணா.”

அவன் அம்மா நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு என் தலையில் கை வைத்து, “நல்ல பிள்ளை,” என்றான். அண்ணன் என்னை நல்ல பிள்ளை என்று சொன்னது அதுதான் முதல்தடவை. ரயில் போனபிறகு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் அம்மாவின் கையைப் பிடித்துத் துள்ளிக்கொண்டு வந்தேன்.